சத்திரத்தில் ஓர் அறை

கோவில்பட்டியில் பழைய பேப்பர் கிட்டங்கி வைத்திருக்கும் பூவனநாதன், வாரத்தில் ஆறு நாள் எல்லோரையும் போல ஒரு வியாபாரி. ஏழாவது நாள் அவர் வேறு நாட்டில் இருப்பார். ஞாயிறு மத்தியானம் பஜார் அடங்கி, ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டு மாடியில் கோட்டைகள் இடியும், பாலங்கள் அறுந்து விழும், செத்துப்போன ராஜாக்கள் எழுந்து வந்து விடுகதை போடுவார்கள். முப்பது வருஷமாக இதுதான் நடந்தது.

ஆரம்பம் ஒரு புத்தகத்தில். தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கட்டுக்கட்டாக வந்திறங்கும். மில்லுக்குப் போனது போகக் கொஞ்சம் அவருடைய அப்பாவின் கிட்டங்கிக்கும் வரும். பிளஸ் டூ லீவில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது மேலட்டை இல்லாத தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. கதைப்புத்தகமும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. ஒரு பக்கம் பூதத்தின் படம், மறுபக்கம் வாய்ப்பாடு மாதிரி கட்டம் கட்டமாக எண்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோடை முழுக்கப் படித்த பிறகுதான் அது ஓர் ஆட்டம் என்று புரிந்தது. மூன்று நாலு பேர் கூடி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் இருக்கும் ஆட்கள்: வீரன், திருடன், வைத்தியன், எதுவாகவும் இருக்கலாம். "பாதை ரெண்டாப் பிரியுது. இடது பக்கம் புகை தெரியுது. என்ன செய்யுதீங்க?" என்று கதை சொல்பவர் கேட்பார். செய்வதை அவரவர் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகம். கோவில்பட்டியில் அது எங்கே கிடைக்கும்? பூவனநாதன் தீப்பெட்டிக்குள் இருபது சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினார்.

கூட்டாளிகள் இருவர். பசுவந்தனை முத்துசெல்வத்துக்கு மானாவாரி விவசாயம். வானம் பார்த்து உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். தங்கப்பாண்டி ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகன். வெள்ளைக்காரன் புத்தகத்தில் பனியும் தேவதாருக் காடுமாக இருந்ததை எடுத்துவிட்டு, பூவனநாதன் தன் நாட்டில் கரிசலைப் போட்டார். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக இறங்கினால் கீழே ஓர் ஊர் இருக்கும். பிற்பாடு கம்ப்யூட்டர் வாங்கி, அதிலும் இந்த வகை ஆட்டங்களைக் காலையில் கடை திறக்கும் முன் ஆடினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு நிஜம். "கம்ப்யூட்டர்ல அவன் வெட்டிவச்ச வாய்க்கால்லதான் தண்ணி ஓடும். இங்கன அப்படி இல்லலா?" என்பார்.

கழுகுமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த கல்யாணசுந்தரி இந்த ஆட்டத்தை முதலில் பயத்தோடும், பிறகு சிரிப்போடும், கடைசியில் ஒன்றும் சொல்லாமலும் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் அவளைக் கல்யாணி என்றே கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்கு டீயும் சுண்டலும் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்குவாள். "கடையில நாலு பேரு மதிக்குத மனுசன், ஞாயித்துக்கெழமையானா பூதத்தோட மல்லுக்கட்டுதாரு" என்று மகள் கிருஷ்ணப்ரியாவிடம் சொல்வதோடு சரி. மகள் படித்து வேலைக்கென்று கோயம்புத்தூர் போனாள். கல்யாணி டீ கொண்டுவருவது நிற்கவில்லை.

வயிறு உப்புசமாக இருக்கிறது என்று அவள் சொன்னதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் உட்பட. மதுரையில் ஸ்கேன் பார்த்து, சினைப்பையில் புற்று, வயிற்றுக்குள் பரவியிருக்கிறது என்று சொன்னபோது பூவனநாதன் டாக்டரிடம் கேட்ட கேள்வி, "சாப்பாட்டுல என்ன சேக்கக்கூடாது?" என்பது.

மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மதுரைக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். காலையில் குத்திய ஊசியை எடுக்கச் சாயங்காலம் ஆகிவிடும். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், ஒவ்வொருத்தி பக்கத்திலும் பேச்சற்றுப்போன ஒரு துணை. டிவியில் ஓடிய சீரியலைப் பார்க்கக் கல்யாணிக்குப் பிடிக்கவில்லை.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"உங்க ஆட்டத்தச் சொல்லுங்க. நானும் ஆடுதேன்."

அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டு, முதலில் விதிகளை விளக்கத் தொடங்கினார். அவள் கையை அசைத்து நிறுத்தினாள்.

"எல்லாம் தெரியும். நரிமலைக் கோட்டையில பாலம் அறுந்து முத்துசெல்வம் அண்ணன் விழுந்தாருல்லா? அன்னைக்குச் சுண்டல் தட்டோட நான் படியிலதான் நின்னேன். கயித்தைப் புடிங்கன்னு கத்த வாய் வரைக்கும் வந்துட்டு."

பூவனநாதன் அவளையே பார்த்தார். பாலம் அறுந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கயிறு இருந்ததை அன்றைக்கு ஆடிய இருவரும் கவனிக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. பேச்சை மாற்றுவது போல, "சரி, உன் ஆளுக்கு என்ன பேரு?" என்று கேட்டார்.

"சுந்தரி. முன்னால உள்ள கல்யாணம் வேண்டாம்."

அப்படித் தொடங்கியது. அவளுக்காக அவர் ஒரு வழிப்பறிக் கூட்டத்தையும், ராஜாவின் தொலைந்துபோன முத்திரை மோதிரத்தையும் வைத்தார். அவள் சண்டையே போடாமல், திருடர் தலைவனின் பல்வலிக்குக் கிராம்பு கொடுத்து மோதிரத்தை வாங்கிவிட்டாள். ராஜா சந்தோஷப்பட்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். குதிரை, வாள், ஓர் ஊரின் அதிகாரம் என்று பூவனநாதன் அடுக்கிக்கொண்டே போனார்.

"சத்திரம் இருக்குல்லா அந்த ஊர்ல? அங்க எனக்கு ஒரு ரூம் வேணும். ஒரு மாசத்துக்கு."

"ரூமா?"

"ஆமா. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். ஒரு மாசம் யாரும் வந்து சாப்பாடு ஆச்சான்னு கேக்கக்கூடாது."

பூவனநாதன் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் கதை நகர வேண்டுமே. அடிபட்ட சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்து கதவைத் தட்ட வைத்தார். கல்யாணி திறக்கவில்லை. ராஜாவின் தூதன் தட்டினான். திறக்கவில்லை. சத்திரத்தில் தீப்பிடித்தது என்றார்.

"பொய்" என்றாள் கண்ணை மூடியபடி. "புகை வாசமே இல்ல. நீங்க என்னை வெளிய இழுக்கப் பாக்குதீங்க."

"கதை நகரணும்லா, கல்யாணி!"

"எதுக்கு நகரணும்? ஜன்னல் பக்கம் என்ன இருக்குன்னு சொல்லுங்க."

முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ கோட்டைகளைச் சொல்லியிருந்தும், ஒரு ஜன்னலில் நின்று சும்மா வெளியே பார்க்கச் சொன்னவர் யாருமில்லை. மெல்லச் சொன்னார். கரிசல் காடு. மேற்கே மேகம் திரளுது. காத்து நின்னுபோச்சு. முதல் தூத்தல் விழுந்து மண்ணுல குழி குழியா... அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

அன்றிலிருந்து மருந்து ஏறும் நாளெல்லாம் அந்த அறைதான். அறைக்குள் பாய் எந்தப் பக்கம், மண்பானை எங்கே, சுவரில் என்ன வண்ணம் என்று அவள் கேட்பாள், அவர் சொல்லுவார். அடுத்த நாற்காலியில் சொர்ணத்தாய் என்றொருத்தி இருந்தாள். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவள்; வெயில் தின்ற முகம், கணீரென்ற குரல். ரொம்ப நேரமாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, நானும் வந்து அந்தக் கதவைத் தட்டலாமா? ஏட்டி சுந்தரி, நான் வந்தாத் திறப்பியா?"

கல்யாணி யோசித்தாள். "நீங்க வந்தாத் திறப்பேன் அக்கா. ஆனா வேலை எதுவும் சொல்லக்கூடாது."

"நான் ஏன் சொல்லுதேன்? நானே உப்புப் பாத்தியெல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடியாந்திருக்கேன்."

அறையில் இரண்டு பேர் ஆனார்கள். சொர்ணத்தாய் வந்த பிறகு அங்கே தாயம் ஆடினார்கள், புருஷன்மாரைப் பற்றிக் கேலி பேசினார்கள். பூவனநாதனே கதை சொல்லி என்பதை இருவரும் பாதி நேரம் மறந்துவிட்டார்கள். ஊசி குத்த வந்த நர்ஸம்மா, "இங்க மட்டும் என்ன இவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டாள். தலைமுடி கொட்டி, நாக்கு வெந்து, ஒரு வாய்க் கஞ்சி இறங்காத நாட்கள் அவை. ஆனாலும் மதுரைக்குக் கிளம்பும் காலைகளில் கல்யாணியின் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது.

ஊரில் பார்க்க வந்த முத்துசெல்வம் இதைக் கேட்டுவிட்டு, "இதுல என்னலே ஆட்டம் இருக்கு? ஒண்ணுமே நடக்கலையே" என்றார்.

"அதான்லே ஆட்டம்" என்றார் பூவனநாதன்.

ஒரு தடவை போனபோது சொர்ணத்தாயின் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நாள் மாறியிருக்கும் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அதற்கடுத்த தடவையும் அவள் வரவில்லை. பூவனநாதன் வெளியே போய் அவள் மகனுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே கல்யாணிக்குப் புரிந்துவிட்டது. மருந்துப் பை பாதி இறங்கும் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு, "ரூம்ல அவிய பாயைச் சுருட்டாதீங்க. அப்படியே கெடக்கட்டும்" என்றாள்.

ஐப்பசியில் நல்ல மழை. இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். பூவனநாதன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலை இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"கதவைத் திறந்துட்டேன்."

"என்ன?"

"ரூம் கதவை. திறந்து வெளிய வந்துட்டேன். மழை விட்டிருக்கு. இனிமே போவோம்."

அவர் இட்லித் தட்டைக் கீழே வைத்தார். "வீட்டுக்கா?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். ஏமாற்றமா, இரக்கமா என்று அவருக்குப் பிடிபடாத பார்வை.

"வீட்டுக்குத்தான் திரும்பணுமா?"

"இல்ல இல்ல. நீ சொல்லு. எங்க வேணும்னாலும் போகலாம்."

"இன்னைக்கு அசதியா இருக்கு. நாளைக்குச் சொல்லுதேன்."

மறுநாள் அவளுக்கு நினைவு தெளியவில்லை. அதற்கு மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தங்கப்பாண்டியும் முத்துசெல்வமும் வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மகள் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மதுரையில் அம்மா ஏதோ ஆட்டம் ஆடினாளாமே, போனில் சொல்லிச் சிரிப்பாளே, அதைச் சொல்லுங்கள் என்றாள். பூவனநாதன் ஒன்றையும் மறைக்கவில்லை. தாழ்ப்பாள், ஜன்னல், சொர்ணத்தாய், கடைசிக் காலை, எல்லாம் சொன்னார்.

கிருஷ்ணப்ரியா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை வருஷம் அம்மா அடுப்படியில நின்னா. அவளுக்கு இந்த வீட்டுல ஒரு ரூமு இல்ல. நமக்குத் தோணவே இல்லையேப்பா" என்றாள். அப்பாவைக் குற்றம் சொல்ல வந்தவள் 'நமக்கு' என்று சொன்னது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்க போயிருப்பா?" என்று மகள் கேட்டாள்.

"தெரியலம்மா."

அது உண்மை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அறிந்தே முப்பது வருஷம் கதை சொன்னவர் அவர். மழை விட்ட அந்தத் தெருவில் அவள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பாள் என்று மட்டும் அவரால் யூகிக்க முடியவில்லை. யூகித்துப் பார்த்ததெல்லாம் தன்னுடைய ஆசையாகவே இருந்தது.

ஒரு வருஷம் மாடிக் கதவைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் சில காலைகளில் உட்கார்ந்தார். சண்டைக்குப் போகாமல், ஆற்றோரம் அந்தப் பொம்மை மனிதனை நடத்திக்கொண்டே இருப்பார், பிறகு அணைத்துவிடுவார். முத்துசெல்வம் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, மழையையும் மக்காச்சோளத்தையும் படைப்புழுவையும் பேசிவிட்டுப் போனார்.

போன தைக்குப் பிறகு முத்துசெல்வம்தான் பேச்செடுத்தார். "மறுபடி ஆடுவோமாலே?"

"ஆடலாம். செல்வமாரி மதினியையும் கூட்டிட்டு வா."

"அவ எதுக்குலே?"

"கூட்டிட்டு வா."

அடுத்த ஞாயிறு முத்துசெல்வத்தின் மனைவி செல்வமாரி கூடவே வந்தாள். புதுச் சேலை, கையில் வீட்டில் சுட்ட முறுக்கு. மாடியில் நாலு நாற்காலி போட்டிருந்தார் பூவனநாதன். தங்கப்பாண்டியும் வந்து சேர்ந்ததும் கதையைத் தொடங்கினார். குரல் முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு பிடிபட்டது. ஓர் ஊர், கோட்டை வாசல், காவல்காரன் வழிமறிக்கிறான். முத்துசெல்வம் வாளை உருவினார். தங்கப்பாண்டி மதில் ஏறப் பார்த்தார்.

"மதினி, நீங்க என்ன செய்யுதீங்க?"

செல்வமாரி திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். வெட்கத்தோடு முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு என்னத்தத் தெரியும் அண்ணாச்சி? நீங்க ஆடுங்க. நான் போய் எல்லாருக்கும் டீ போடுதேன்."

"டீ கடையில சொல்லியிருக்கேன் மதினி. வந்துரும்" என்றார் பூவனநாதன். "உக்காருங்க. அவசரமில்ல."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் பொறுமையில்லாமல் நெளிந்தார்கள். பூவனநாதன் காத்திருந்தார்.