சைக்கிளில் போகவிடாத சனம்

நனைந்த மழைக்கோட்டும் புளித்த மாவும் கலந்த ஒரு மணம்தான் அப்பா வேலையால் வந்துவிட்டார் என்று எனக்குச் சொல்லும். நாங்கள் குடியேறிய ஒனிஹங்கா என்ற ஊரில், பாண் சுடும் ஒரு "ஃபக்டரி"யில் வேலை. போகவர ஒரு சிவப்புச் சைக்கிள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போக வழியில்லாமல் வளர்ந்தவர். சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் வாய்க்குள் ஒரு பாட்டு ஓடும், தெருவே அவருடையதாகிவிடும்.

எனக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தில் நம் ஆட்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தமிழர் ஒருவர் மழையில் சைக்கிள் மிதிப்பதைக் கண்டால் காரை ஓரங்கட்டாமல் போக அவர்களால் முடியவில்லை. "அண்ணை, ஏறுங்கோ. சைக்கிளை உந்த டெய்ரிக் கடை வாசலிலை பூட்டிவிடுங்கோ, ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம். எடுத்தாலும் நல்லதுதான்." சைக்கிள்தான் தனக்கு விருப்பம் என்று அப்பா சொன்னால், அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பயந்து அவர் சின்னச் சின்ன ஒழுங்கைகளால் சுற்றிப் போகத் தொடங்கினார். கோயிலில் ஒருவர் அம்மாவிடம், "வீட்டிலை ஏதும் காசுக் கரைச்சலோ, அக்கா?" என்று மெல்லக் கேட்டார். அடுத்த மாதமே எங்கள் வாசலில் அப்பா வாங்கிய ஒரு பழைய கார் நின்றது. சைக்கிள் கராஜுக்குள் போனது. எல்லாமே அன்புதான். பிறகு ஏன் அப்பா பாட்டை விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவன் நான். நகரசபையில் இருந்துகொண்டு, இந்த நகரத்தில் கூடுதலான சனத்தைச் சைக்கிள் ஓட வைப்பதுதான் இப்போது என் வேலை. "காரை விட்டு இறங்கச் சொல்லவோ உன்னைப் படிப்பிச்சது?" என்கிறார் அம்மா. அப்பா போன தெருவில் இன்று சைக்கிளுக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. மழையில் ஒருவரைக் கண்டு காரை நிறுத்தும் நம் ஆட்கள்தான் இல்லை. அவரவருக்கு மோர்ட்கேஜ் கடன், அவரவருக்கு அவசரம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதையில் சைக்கிள் ஓடுவதாக ஏற்பாடு. நம் ஆள் ஒருவராவது வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று அப்பாவையே கேட்டேன்.

"வாறன் தம்பி. ஆனா சைக்கிளைக் காருக்குப் பின்னாலை கட்டிக்கொண்டு போவம், வெள்ளையள் செய்யிற மாதிரி. கார் இருக்கெண்டு சனத்துக்குத் தெரியவேணும்."

வென்றேனோ தோற்றேனோ தெரியாமலே சரி என்றேன். அந்தப் பாதை எங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.