கவுஞ்சிக்கு விட்ட வெள்ளோட்டம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அதிகாரி செய்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வரைதான் பஸ், நான் அதில் கண்டக்டர். என் ஊர் அதற்கும் அப்பால், கவுஞ்சி. பஸ்ஸை எங்கள் ஊர்வரை நீட்டச் சொல்லி எழுதாத மனு இல்லை. யாருக்காவது முடியாமல் போனால் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கட்டிலோடு தூக்கிக்கொண்டு பூம்பாறை பஸ் வரை நடக்க வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள். என் அப்பாவைத் தூக்கிப் போனோம், பாதி வழியிலிருந்து பிணமாகத் திருப்பித் தூக்கி வந்தோம்.

ஒருவழியாக வெள்ளோட்டம் விட்டார்கள். ஆள் ஏறுமா என்று பார்க்கக் கூட வந்த அதிகாரி ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. உருளைக்கிழங்கு தோண்டுகிற சமயம், சனமெல்லாம் காட்டில் இருந்தது. பஸ் போய் நின்றபோது தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஏற ஆளே இல்லையேப்பா. இதுக்கா இத்தனை மனு?" என்றார்.

"முந்துன நாளே சொல்லியிருந்தா ஊரே வந்திருக்குமுங்க. இப்பக்கூட ஒரு சத்தம் குடுத்தா வெரசா ஓடியாந்துருவாங்க."

"எனக்கு வேற சோலி இல்லையா? வண்டியைத் திருப்பச் சொல்லு."

திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர்தான்: டிரைவர் அந்தோணி அண்ணன், முன் சீட்டில் அவர், பின்னால் நான். மன்னவனூர் தாண்டி ஏற்றத்தில் வண்டி முக்க ஆரம்பித்தது.

"ஏலே, யாரும் ஏறிட்டாங்களா? முழு லோடு மாதிரில்ல இழுக்குது" என்றார் அண்ணன்.

"காலியாத்தாண்ணே கெடக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, அதிகாரி சீட்டைவிட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து, "பரவாயில்லம்மா, நீங்க உக்காருங்க" என்றார். நல்ல பகல் வெளிச்சம். அந்த சீட்டில் யாருமே இல்லை.

கொடைக்கானல் வரை அவர் நின்றுகொண்டேதான் வந்தார். ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தத்தில் அண்ணன் வழக்கம்போல பிரேக் போட்டதும், கூட்டம் இறங்கினால் எப்படியோ அப்படி, பஸ் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. அதை அண்ணனும் உணர்ந்தார்.

"எதுக்கு சார் அம்புட்டுத் தூரம் நின்னு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் எங்கப்பா நின்னேன்?" என்று முறைத்தார்.

போய், பயணிகள் இல்லை என்று எழுதிவிட்டார். பஸ் எங்கள் ஊருக்கு வர மேலும் பல வருஷம் ஆனது, அதற்குள் எத்தனையோ கட்டில்கள் அந்த வழியே போயின. அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அவர் ஒரு கையால்தான் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையை மடக்கி, பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தார்.