எழுபத்தெட்டில் நான்கு குறைவு

2005 மழைக்காலத்தில் இரண்டு டாரட் சீட்டுக்கட்டுகளில் எனக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான்கு நாள் அவகாசம் கிடைத்தது. முதல் நாளே தேர்ந்தெடுத்துவிட்டேன். மீதி நாட்கள் வேறு வேலையில் போயின.

அப்போது நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு சோலார் பட்டறையில் பேனல் சோதிக்கும் வேலையில் இருந்தேன். மரக்காணத்திலிருந்து பஸ், இறங்கி அங்கிருந்து சைக்கிள். குறையுள்ள பேனலைக் கண்டுபிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைப்பதுதான் என் வேலை. அப்பா உப்பளத்தை நம்பியிருந்தார், நான் பேனலை நம்பியிருந்தேன். ஆக வீட்டில் சம்பாதிக்கிற இரண்டு பேருக்கும் வெயில் வேண்டும். மழை வந்தால் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் வேலையைக் குறை சொல்வோம்.

பட்டறையின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. எல்லோரும் அவரை மதாம் என்போம். இருபது வருடம் வெல்டர்களிடம் தமிழ் கற்றவர் என்பதால் அவர் பேச்சு எங்கள் பேச்சைவிடப் பட்டறைப் பேச்சாக இருக்கும். நிரந்தரமாக ஊருக்குத் திரும்பப் போகிறார் என்றதும் தன் பொருட்களை எல்லோருக்கும் கொடுத்துவந்தார். மதிய இடைவேளையில் அவருடைய டாரட் சீட்டுகளை நான் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். எழுபத்தெட்டு படச்சீட்டுகள். அவர் நாட்டில் அதை வைத்து விளையாடுகிறவர்களும் உண்டு, குறி பார்க்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் தெரியாது. வரிசை எண் போட்ட எதையும் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு டப்பாக்களை நீட்டினார்.

"ரெண்டையும் வீட்டுக்கு எட்த்துட்டுப் போ. எது புடிக்குதோ வச்சிக்கோ. இன்னொண்ணு பாண்டிச்சேரில என் ஃப்ரெண்டுக்கு. புதன்கிழம காலைல குட்த்துடணும். ஒரு சீட்டு கொறஞ்சாலும் அவ வாங்க மாட்டா."

"குறையாது மதாம்," என்றேன். ஸ்டோர் லிஸ்ட் சரிபார்ப்பதில் என் பேரில் ஒரு தவறும் கிடையாது.

அன்றே ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று எழுதினேன். பழையது என்றால் உண்மையில் பழையதல்ல. இருநூறு வருடத்துக்கு முந்தைய மரக்கட்டை அச்சுச் சீட்டுகளை மியூசியத்தில் படம் பிடித்து, இருக்கிறபடியே அச்சடித்த கட்டு. புதியது, அதே படங்களை இந்தக் காலத்து ஓவியர் ஒருவர் திருத்தமாகத் திரும்ப வரைந்த கட்டு.

பழைய கட்டின் குறைகள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. சிவப்பு மை கோட்டைத் தாண்டி அடுத்தவர் சட்டையில் ஏறியிருந்தது. ராணிக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. தலைகீழாகத் தொங்குகிறவனுக்குக் கயிறு எந்தக் காலில் என்றே தெரியவில்லை. பதின்மூன்றாம் சீட்டில் பெயரே போடவில்லை. ஒரு சீட்டின் மூலையில் டீக் கறை. நம்மால் வந்ததோ என்று பயந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். பிறகுதான் கறையும் அச்சு என்று புரிந்தது. கறையைக்கூடக் காசு செலவழித்து அச்சடித்திருக்கிறார்கள். என் வேலையில் இதற்குச் சிவப்பு ஸ்டிக்கரே போதாது.

புதிய கட்டில் எல்லாம் சரியாக இருந்தது. கோட்டுக்குள் நிறம், முகத்துக்கு முகம் இரண்டு கண், பதின்மூன்றுக்குக் கீழே ஆங்கிலத்தில் மரணம் என்று கொட்டை எழுத்து. ஞாயிறு காலை நோட்டில் கூட்டல் போட்டுப் புதியது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பிறகு இரண்டு டப்பாக்களையும் டிவி மேல் வைத்துவிட்டு, சிநேகிதி கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனேன்.

திங்கட்கிழமை மழையால் பட்டறை லீவு. மதாமிடம் திருப்பித்தர வேண்டிய பழைய கட்டை எண்ணினேன். எழுபத்துநான்கு. திரும்ப எண்ணினேன். எழுபத்துநான்கு.

"அம்மா, சீட்டை யாராவது எடுத்தாங்களா?"

"நேத்து சர்ச் முடிஞ்சி நாலு பேரு வந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குனு போனாங்க."

"எடுத்துக்குனு போனாங்கன்னா?"

"வாக்குத்தத்த அட்டை மாதிரிதானே இருந்துச்சி. வெள்ளக்காரங்களது இப்படித்தான் படமா இருக்கும்போலன்னு சொல்லிட்டேன்."

எங்கள் சபையில் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் பாஸ்டர் ஒரு தட்டை நீட்டுவார். அதில் வசனம் அச்சடித்த சிறு அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருடத்துக்கு நமக்கான வாக்குத்தத்தம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பைபிளில் வைப்பதோ சுவரில் ஒட்டுவதோ அவரவர் விருப்பம். எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது.

"ஏன் எல்லாரும் பழைய கட்டுலயே எடுத்தாங்க?"

"புதுசுல எல்லாரும் பல்லு வெளக்கிட்டு ஸ்டூடியோவுக்கு வந்த மாதிரி நிக்கிறாங்கடி. பழசுலதான் மனுசங்க இருக்காங்க."

நிலைமை தெளிவாக இருந்தது. புதன்கிழமைக்குள் நான்கு சீட்டும் திரும்பினால் புதிய கட்டு என்னுடையது. ஒன்று குறைந்தாலும் புதிய கட்டைத்தான் கொடுத்தாக வேண்டும். நான்கு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு குடையோடு கிளம்பினேன்.

முதலில் பாஸ்டரம்மா. சபைக்குத் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று தயங்கிக்கொண்டே போனேன். அவர் என்னைக் கண்டதும் உள்ளே போய், அரிசி டிரம்மைத் திறந்து, நியூஸ்பேப்பரில் சுற்றிய சீட்டை எடுத்துவந்தார்.

"தலையில மூணு அடுக்கு கிரீடம் பாத்ததும் யாரோ ராஜான்னு எடுத்துட்டேம்மா. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பாத்தா, போப்பாண்டவர். ஆர்.சி. காரங்க வீட்டுக் காலண்டர்ல இருக்குறவரு. பாஸ்டர் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போ."

ஒன்று.

அடுத்தது எதிர்வீட்டு அண்ணி. அவர் வீட்டுக்காரர் கழுவெளி ஏரியில் நண்டு பிடிப்பவர். அண்ணி எடுத்தது நிலவுச் சீட்டு. அதன் அடியில் ஒரு குளமும் குளத்தில் நண்டு மாதிரி ஒரு பிராணியும் இருக்கும். சீட்டு நண்டுக்கூடையின் உட்புறம் ஒரு பின்னலில் செருகியிருந்தது.

"குடுக்க மாட்டாரு," என்றார் அண்ணி. "நேத்து வச்சதும் இன்னிக்கி எட்டு நண்டு."

"ஜெராக்ஸ் எடுத்துத் தரேன் அண்ணி. அதே படம்தான்."

"ஜெராக்ஸுக்கு நண்டு வருமா?"

"இதுவே ஜெராக்ஸ்தான் அண்ணி. ஒரிஜினல் பிரான்ஸ் நாட்டு மியூசியத்துல இருக்குது."

"அப்ப நீ அங்க போய் எடுத்துக்கோ. நான் இத வச்சிக்கிறேன்."

என் வாதத்தில் ஓட்டை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார். தண்ணீர் படும் இடமென்பதால் ஜெராக்ஸை லேமினேஷன் செய்து தர வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கடையில் செய்துகொடுத்தேன். ஒரிஜினலைவிட அது விறைப்பாக நின்றது. அண்ணி இரண்டையும் கையில் எடைபோட்டுப் பார்த்து, லேமினேஷனே மேல் என்று முடிவுசெய்தார். திரும்பிவந்த சீட்டில் நண்டு வாடை அடித்தது. காயவைக்க வெயில் இல்லாததால் இரண்டு துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டேன். இப்போது நண்டும் இஸ்திரியும் சேர்ந்து அடித்தது.

இரண்டு.

மூன்றாமவர் பெருமுக்கல் மாமா. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், மூன்று ஏக்கரில் நெல் போடுபவர். ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை கொடுக்க வந்தவர், கும்பிடுகிற சாமி வேறாக இருந்தாலும் எடுப்பதில் தப்பில்லை என்று ஒன்றை எடுத்திருக்கிறார். அவருக்கு வந்தது பதின்மூன்று, எலும்புக்கூடு ஒன்று அரிவாளோடு வயலில் நிற்கிற சீட்டு. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, மலை தெரிகிற நிறுத்தத்தில் இறங்கி, சேற்றில் நடந்து போனேன். மாமா சீட்டைச் சாமி படங்களோடு வரிசையில் வைத்துக் குங்குமம் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பாத்தியா இந்த ஆள? எலும்பும் தோலுமா இருக்கான், ஆனா இன்னா வேகமா அறுக்குறான் பாரு. அறுப்புக்கு ஆளே கெடைக்காத ஊர்ல எனக்குன்னு ஒரு ஆள் வந்திருக்கான். யாரும்மா இவன்?"

புதிய கட்டாக இருந்தால் ஆங்கிலம் படித்த யாரோ இந்நேரம் சொல்லியிருப்பார்கள். நான் குறை என்று எழுதிவைத்த அதே குறை இப்போது என்னைக் காப்பாற்றியது.

"பேர் போடல மாமா."

"கூலிக்காரன் பேர எவன் போடுவான்?"

"ஒத்த ஆள வச்சிக்கிட்டு மூணு ஏக்கரு எப்படி மாமா அறுப்பீங்க? மத்த எழுபத்தேழு பேரும் எங்க வீட்லதான இருக்காங்க."

மாமா சிரித்துவிட்டார். "எழுபத்தெட்டு பேருக்கு எவன் சாப்பாடு போடறது? இவனையும் கூட்டிட்டுப் போ," என்றார். வேர்க்கடலையும் கொடுத்தார்.

மூன்று. அன்று சாயங்காலம் நான் புதிய கட்டின் டப்பாவுக்கு அட்டை போடும் அளவுக்கு நம்பிக்கையோடு இருந்தேன்.

கடைசிப் பெயர் பின்தெரு அக்கா. அப்பாவோடு உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அவர் எடுத்தது பதினேழு, நட்சத்திரச் சீட்டு. ஆற்றங்கரையில் ஒரு பெண் முட்டிபோட்டு இரண்டு குடத்திலிருந்தும் தண்ணீர் ஊற்றுகிறாள். தலைக்கு மேல் எட்டு நட்சத்திரம். உடம்பில் துணி கிடையாது, அந்தக் காலத்து வழக்கம்.

அக்கா வீட்டில் அது அடுப்புக்கு மேலே சுவரில் கஞ்சி போட்டு ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் சிவப்பாக ஏதோ போட்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"ஜாக்கெட்டு."

"சீட்டுல கிறுக்கிட்டீங்களா?"

"கிறுக்கல. நெயில் பாலிஷ். ரெண்டு கோட்டிங். மருமவன் வர்ற வீட்ல அப்படியே எப்படி ஒட்றது? ஈரத்துல ஒரு பொம்பள ஒண்ணுமில்லாம குந்திகினு இருக்கா. பாவமா இல்ல?"

கை அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது. சிவப்பு ஒரு இடத்தில்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அந்தக் கட்டிலேயே கோட்டுக்குள் நின்ற சிவப்பு அது ஒன்றுதான்.

"அக்கா, அது வேற ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியது. நாளைக்குக் காலைல கேப்பாங்க."

"குடுத்தத திருப்பிக் கேக்குறது எந்த ஊர் பழக்கம்? பாஸ்டர் தட்ட நீட்டிட்டு, மறுநாளு வீட்டுக்கு வந்து குடுன்னுவாரா?" கோபமில்லாமல்தான் கேட்டார். பிறகு கரண்டியால் சீட்டைக் காட்டினார். "ரெண்டு மாசமா உப்பளத்துல எறங்கல. எப்ப விடும்னு வானத்தப் பாத்துப் பாத்து கழுத்து நோவுது. இவ ரெண்டு குடத்தையும் ஊத்திக்கினே இருக்கா பாரு. ஊத்தி முடிச்சா காலி. அப்புறம் நட்சத்திரம்தான். எனக்கு வந்தது அதுதான். வேணும்னா நீ பிச்சி எடுத்துக்கோ, நான் பிக்க மாட்டேன்."

சீட்டின் ஓரத்தில் நகம் வைக்கக்கூட இல்லை. வைத்திருந்தாலும் பயனில்லை. ஜாக்கெட்டோடு அதைப் பாண்டிச்சேரி சிநேகிதி வாங்கமாட்டார். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில், மழை விடுவதை நம்பி உட்கார்ந்திருக்கிற இன்னொரு ஆளிடமிருந்து அதைப் பிய்க்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்து, நோட்டில் அடிக்கோடு போட்டிருந்த ‘புதியது’ என்பதை அடித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை புதிய கட்டை மதாமிடம் கொடுத்தேன். எழுபத்தெட்டு சரியாக இருந்தது.

"பழசா வச்சிக்கின?" அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "நீ புதுசு எடுப்பேன்னு நெனச்சேன். தப்பையெல்லாம் தொடாம வச்சிருக்காங்க இல்ல, அதானே புடிச்சிச்சி?"

"இல்ல மதாம். அதுல ஒண்ணு குறையுது."

முழுக்கதையையும் சொன்னேன். ஸ்பிரிட் போட்டுக் கறை துடைத்ததையும் விடவில்லை. போப் வந்த இடத்தில் சிரித்தவர், ஜாக்கெட் வந்ததும் சிரிப்பு தாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாண்டிச்சேரி சிநேகிதியிடம் இதை எப்படிச் சொல்வது என்று அங்கேயே பிரெஞ்சில் ஒத்திகை பார்த்தார்.

"இருநூறு வருசமா அவளுக்கு யாருக்கும் துணி குடுக்கத் தோணல," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டார்.

புத்தாண்டு ஆராதனை முடிந்த மறுநாள் வாசலில் பின்தெரு அக்கா நின்றார். மழை ஓய்ந்து உப்புப் பாத்தியில் சேறு மிதிக்க ஆள் கூப்பிட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். கையில் நட்சத்திரச் சீட்டு. சீட்டின் முதுகில் கொஞ்சம் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இந்தா. வருசம் முடிஞ்சிடுச்சி. போன வருசத்தத இந்த வருசம் வச்சிக்கக் கூடாது."

வாங்கி உரிய இடத்தில் செருகி எண்ணினேன். எழுபத்தெட்டு. கட்டு முழுசாக இருந்தது, மதாமும் ஊரில் இல்லை, சிநேகிதியும் கேட்கப்போவதில்லை.

"அப்ப இந்த வருசத்துக்குப் புதுசு?" என்றார் அக்கா.

"சர்ச்ல எடுத்தீங்களே."

"அது சர்ச்ல. இது இங்க."

கட்டைக் கலைத்து டிவி மேல் கவிழ்த்துப் பரப்பினேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக ஒன்றை உருவித் திருப்பினார். கடைசி எண், உலகம் என்ற சீட்டு. பச்சை இலை வளையத்துக்கு நடுவே ஒரு பெண் ஒற்றைக்காலில் ஆடுகிறாள். தோளில் ஒரு துண்டு மட்டும்.

அக்கா சீட்டைக் கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் பார்த்தார்.

"இவளுமா?" என்றார். "நெயில் பாலிஷ் இருக்குதா?"

சிவப்பு இல்லை. ரோஸ்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.