மச்சானின் காலும் கொல்லிமலை வளைவுகளும்

2007 தை மாதம் கொல்லிமலைக்குப் போனது அருவி பார்க்க அல்ல. என் மச்சான் காதரின் கால் மலையேறுமா என்று பார்க்க. (நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது மகள் ஷமீமா. பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன்.)

காதர் மிளகு வியாபாரி. காலுக்கு இரத்தம் போகும் குழாய் சுருங்கியதால், கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். குழாய்க்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தார். டாக்டர் திட்டிய பிறகு மூன்று மாதமாகத் தெருவில் நடந்துவந்தார். மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியில் இருக்கும் விவசாயி செல்லனோ, பாறையில் காயும் மிளகை நேரில் வந்து கடித்துப் பார்ப்பவருக்குத்தான் கொடுப்பார். அந்த வருடம் போகாவிட்டால் வியாபாரம் கைமாறிவிடும்.

சேந்தமங்கலத்தில் காலை ஆறே முக்காலுக்குப் பேருந்து, ஆளுக்கு இருபது ரூபாய். காரவள்ளி தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவு. மச்சான் காலைத் தடவிக்கொண்டே வந்தார். கோவையில் இரத்தக் குழாய்களைப் பற்றியே படிக்கும் ஷமீமாவும் கூட வந்திருந்தாள்; அவள் ஆரம்பித்தாள்.

“மாமா, குழாய்க்குள்ள ஓடு பதிச்ச மாதிரி குட்டிக்குட்டியா உயிரணுங்க ஒட்டியிருக்கு. ரத்தம் உரசிக்கிட்டு ஓடறது அதுங்களுக்குத் தெரியும். வேகமா ஓடுனா ஒரு வாயுவை விடும், சுவரு தளரும், குழாய் விரியும். நீங்க படுத்துக்கிட்டா அதுங்களும் சும்மா கெடக்கும்.”

“அப்புறம் எப்படி அடைச்சுதாம்?” என்றார் மச்சான்.

“நேரான எடத்துல ஓட்டத்தோட வாக்குல வரிசையா படுத்திருக்கும். வளைவுல, கிளை பிரியற எடத்துல ரத்தம் சுழலும். எந்தப் பக்கம் படுக்கறதுன்னு அதுங்களுக்குத் தெரியாது. கொழுப்பு அங்கதான் முதல்ல சேரும்.”

முன்சீட்டு அம்மா ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தார். “இந்த ரோட்டைத்தான் முதல்ல டாக்டர்கிட்டக் காட்டணும்” என்றேன்.

இறங்கிய இடத்திலிருந்து செல்லன் வீடு இரண்டு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். வலித்தால் நிற்க வேண்டும், வலி போனதும் நடக்க வேண்டும்; டாக்டர் சொன்ன முறை. மச்சான் நின்றபோதெல்லாம், “என்ன, வாயு வந்துச்சா?” என்று விசாரித்தேன். பதிலுக்கு முறைப்பு வந்தது. ஆனாலும் ஏறிவிட்டார்.

செல்லன் பாறைமேல் நின்றிருந்தார். “ஏனுங்க பாய், அங்கங்க நின்னு நின்னு வாரதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து ஒருத்தரு வந்து கீழ ரோட்டுல நின்னே வெல கேட்டாரு. போயிட்டு வாங்க சாமின்னு அனுப்பிட்டேனுங்க.”

மச்சான் குனிந்து ஒரு மிளகைக் கடித்தார். கண் மூடினார். “ஈரம் நிக்குது. இன்னும் ரெண்டு வெயிலு காயணும்.”

“அப்ப மறுக்கா வரணுமே பாய்?”

“வாரேன்” என்றார், யாரோ பரிசு கொடுத்ததுபோல.

போகிறவர்களுக்கு: காலையில் மலை குளிரும், துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் வேண்டும். கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒரே நடையில் எந்தக் குழாயும் விரியாது என்று ஷமீமா கண்டிப்பாக எழுதச் சொல்கிறாள்.

மிளகு காய்ந்ததும் மச்சான் மறுபடி போய்வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் மெதுவாக நடக்கிறேனாம்.