சாமி காவும் தோளுக்கு உதைக்காத தோட்டா

என்னிடம் துப்பாக்கி இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் சென்ற கோடையில் அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம், சுடும்போது தோளில் மெதுவாக உதைக்கும் ஸ்லக் தோட்டாக்களில் எது நல்லது என்று ஆராய்வதில் செலவழித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சாதாரணத் தோட்டாவுக்குள் கடுகுபோல ஈயச் சன்னங்கள் நிறைந்திருக்கும். ஸ்லக் என்றால் அவற்றுக்குப் பதிலாக ஒற்றைக் கட்டியாகப் பாயும் குண்டு. அமெரிக்கர்கள் அதனால் மானைச் சுடுகிறார்கள். மான் அகப்படாத நாட்களில் காகித இலக்கைச் சுடுகிறார்கள். இரண்டும் முடிந்தபின் இணையத்தில் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் படித்தேன். குண்டின் எடை குறைந்தால் உதை குறையும், வேகம் குறைந்தாலும் உதை குறையும் என்று ஒருவர், உறைந்த பட்டாணிப் பையைத் தன் தோளில் வைத்திருக்கும் படத்தோடு விளக்கியிருந்தார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

லண்டனின் சட்டன் பகுதியில் வீடு வாங்கும்போதுகூட நான் இவ்வளவு படிக்கவில்லை. அந்த வீட்டின் கூரை அதை மழைக்கு மழை நினைவூட்டுகிறது.

எல்லாம் தோளுக்காகத்தான். எங்கள் கோயில் திருவிழாவில் சாமியைத் தோளில் வைத்துக் காவுவதென்பது கேட்டவுடன் கிடைக்கும் காரியமல்ல. நான் செருப்பு அடுக்கும் இடத்தில் தொடங்கியவன். பிறகு மோர் வார்த்தேன். பிறகு குடை பிடித்தேன். ஒருமுறை காற்றில் குடை மடங்கி ஐயரின் தலையில் கவிழ்ந்ததால் மறுபடி மோருக்கு அனுப்பப்பட்டேன். இப்படி ஏறியும் சறுக்கியும் வந்தவனுக்குத்தான், சென்ற வருடம், வலப்பக்கக் காவுதடியில் முன் இடம் கிடைத்தது. அங்கே வழக்கமாக நின்றவருக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள். காவுகிறவர்களுக்குப் பொறுப்பான அண்ணை தொலைபேசியில் சொன்னார்:

"தம்பி, கொடியேத்தத்திலிருந்து நீர்தான் முன்னுக்கு. ஏலாதெண்டால் இப்பவே சொல்லும். விம்பிள்டன் பெடியன் ஒருத்தன் சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு நிக்கிறான்."

"ஏலும் அண்ணை," என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு விரைவாக எதற்கும் பதில் சொன்னதில்லை. கலியாணத்துக்குக்கூட யோசித்துத்தான் சொன்னேன்.

மனைவி வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லோருக்கும் செய்தியை அறிவித்தாள். கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டவும் ஏற்பாடாயிற்று. இனி எனக்குத் தோள் இல்லாமல் போக முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு டாக்டர் என்னைச் சுடக் கூப்பிட்டார். மதுரைக்காரர், எலும்பு வைத்தியர். வார நாட்களில் உடைந்ததைப் பொருத்துகிறவர், வார இறுதியில் எதையாவது உடைக்க வேண்டும் என்று முறைப்படி அனுமதி எடுத்து, இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். வேலிக்கு மேலால் ஒருநாள் கேட்டார்: "சார், உங்களுக்குத் துப்பாக்கில பழக்கம் இருக்கா?"

"அந்தச் சத்தத்திலைதானே வளர்ந்தனாங்கள்," என்றேன்.

இதில் ஒரு பொய்யும் இல்லை. என் வயது யாழ்ப்பாணத்தான் எவனுக்கும் உள்ள அனுபவம்தான் எனக்கும்: சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, மறுபக்கம் போவது. அந்தக் கலையில் நான் கெட்டிக்காரன்; போய்ப் போய் லண்டன் வரை வந்துவிட்டேன். ஆனால் சொன்ன தொனி அப்படியில்லை. டாக்டரின் கண்ணில் மரியாதை தெரிந்தது. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. கொடியேற்றத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, சட்டனுக்கு அப்பால் வயல்வெளியில் இருக்கும் ஒரு சுடுகளத்தில் எனக்கும் சேர்த்து இடம் பதிந்துவிட்டார்.

"எதைச் சுடப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"புறா."

"விரத நாளிலையோ?"

"களிமண் புறா. தட்டு. இயந்திரம் எறியும், நாங்கள் சுடுறது."

அவள் சற்று யோசித்தாள். களிமண் சைவம்தான் என்பதில் அவளுக்கும் மறுப்பில்லை. "என்னவோ செய்யுங்கோ. ஆனால் துவக்கு உதைக்கும். அடுத்தநாள் தோள் வீங்கிப்போய் அந்த விம்பிள்டன் பெடியன் முன்னுக்கு நிண்டால், கனடாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

அப்படித்தான் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. 'உதை குறைந்த தோட்டா' என்று தேடினேன், அமெரிக்க ஸ்லக்குகள் வந்தன, அதற்குள் இறங்கிவிட்டேன். பறக்கும் தட்டுக்கும் மானுக்கும் ஒரே தோட்டாவா என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை. படித்தவனிடம் இதுதான் தொந்தரவு. தவறான கதவுக்குள் நுழைந்தாலும் கடைசி அறைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

சுடுகளத்தின் வரவேற்பு ஒரு மரக் கொட்டில். உள்ளே ஈர நாயும் தேநீரும் மணத்தன. எங்களுக்குக் கற்றுத்தர வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, குதிரைகளோடு பேசிப் பழகிய குரல். என்ன தோட்டா வேண்டும் என்று கேட்டார். டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். உதை குறைந்த ஸ்லக்தான் வேண்டும் என்றேன். எடையையும் வேகத்தையும் சொன்னேன். பட்டாணிப் பைக்காரரின் கருத்தையும் மேற்கோள் காட்டினேன்.

கொட்டிலில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நாய்கூட நிமிர்ந்து பார்த்தது.

நீங்கள் எதைச் சுட உத்தேசித்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மா மிக மென்மையாகக் கேட்டார். பிறகு விளக்கினார். ஸ்லக்குக்கு இந்த நாட்டில் வேறு அனுமதி வேண்டும். இங்கே அது கிடையாது. இருந்தாலும், பறக்கும் தட்டை ஒற்றைக் குண்டால் அடிக்கிற ஒருவரைத் தன் வாழ்நாளில் தான் கண்டதில்லை, அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பாடம் தேவையில்லை. இங்கே எல்லோரும் சுடுவது சன்னம் நிறைந்த தோட்டாதான். டாக்டர் சுவரிலிருந்த தேநீர் விலைப்பட்டியலை உன்னிப்பாக வாசித்துக்கொண்டிருந்தார். என்னோடு வந்தவர்போல் தெரியவில்லை.

"அப்படியென்றால் அதில் மிக மெதுவானது," என்றேன்.

இருபத்தொரு கிராம் சன்னம் போட்ட பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பிள்ளைகளுக்கும், சத்திரசிகிச்சை செய்து தேறி வருகிறவர்களுக்கும் இதைத்தான் கொடுப்போம் என்றார். நான் இரண்டு வகையிலும் சேராதவன் என்றாலும் நன்றியுடன் ஏற்றுக்கொண்டேன். அடுத்ததாக, சுவரில் சாய்ந்திருந்தவற்றில் மிக இலேசான துப்பாக்கியைக் காட்டினேன். அதற்கும் வேண்டாமென்று தலையசைத்தார். துப்பாக்கி இலேசானால் அதிகம் உதைக்கும், பாரமானதுதான் மெதுவாக உதைக்கும் என்றார். பட்டாணிப் பைக்காரரும் இதைச் சொல்லியிருந்தார். அந்த இடத்தை நான் சோற்றோடு விழுங்கியிருக்க வேண்டும். பாரமானதை வாங்கித் தோளில் வைத்தேன். தோளில் முட்டும் மர அடிக்கட்டை எனக்கு நீளம் என்றார் அவர். என் உயரத்துக்கு ஏற்றது, பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருக்கிறதாம். இதைப் பெரிதாக எடுக்காமல் மேலே சென்றேன்.

இங்கே வாசகருக்கு மட்டும் ஓர் இரகசியம் சொல்ல வேண்டும். மறுநாள் இடுப்பில் கட்டவிருந்த பட்டுச் சால்வையை மடித்து, சட்டைக்குள், வலத்தோளில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். மனைவிக்குத் தெரியாது. பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, பட்டுக்குப் பட்டு.

"கன்னத்தைக் கட்டையோட நல்லா ஒட்டி வைங்க சார், அதுதான் முக்கியம்," என்றார் டாக்டர். அந்த அம்மாவும் அதையே இரண்டுமுறை சொன்னார். கன்னத்தைப் பற்றி எனக்கென்ன கவலை? நான் கன்னத்தில் சாமி காவப் போவதில்லை.

தட்டுப் பறந்தது. நான் சுட்டேன். சால்வை பட்டல்லவா, வழுக்கியது. கட்டை தோளைவிட்டு மேலே எழும்பி, நான் கவலைப்படாத அந்தக் கன்னத்தில் வந்து அறைந்தது. தட்டு, எதுவும் நடவாததுபோல், வயலைக் கடந்து தன்பாட்டில் போயிற்று.

தோளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த விதத்தில் இருபத்தொரு கிராமைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். இழுத்து எடுத்தேன். சரிகைக் கரை போட்ட பச்சைப் பட்டு முழம் முழமாக வந்துகொண்டேயிருந்தது, மந்திரவித்தைக்காரன் தொப்பியிலிருந்து வருவதுபோல. சமய காரணம் என்றேன். இங்கிலாந்தில் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதன்பிறகு சால்வை இல்லாமல், கன்னத்தை ஒட்டி வைத்துச் சுட்டேன். உதை, ஒரு நண்பன் தோளில் தட்டியதுபோலத்தான் இருந்தது. ஒரு தட்டு உடைந்தது. "அது கீழ விழுந்து ஒடஞ்சது சார்," என்றார் டாக்டர். எலும்பு வைத்தியர், எது எப்படி உடைந்தது என்பதில் அவரோடு வாதாட முடியாது.

ஞாயிறு காலையில் கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம். மனைவி அதன்மேல் திருநீற்றையும் சந்தனத்தையும் அப்பினாள். கத்தரிக்காய்க்கு மாவு பூசியதுபோல் ஆயிற்று. "தோள் எப்பிடி?" என்று மட்டும் கேட்டாள். தூக்கிக் காட்டினேன். கோயில் வாசலில் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் நான்தான் அடிச்சனான் எண்டு நினைக்கினம்," என்று முணுமுணுத்தாள். ஆனால் அன்று முழுக்க பிரசாத வரிசையில் அவளை ஒருவரும் முந்தவில்லை என்பதைக் கவனித்தேன்.

மேளம் முழங்கியது. வலப்பக்கத் தடியின் முன்னால் போய், தடிக்கு உட்பக்கமாகக் குனிந்து, பாதுகாத்து வந்த வலத்தோளைக் கொடுத்தேன். பொறுப்பான அண்ணை என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"உள்ளுக்கை என்ன செய்யிறீர்? வெளியாலை நில்லும். வலப்பக்கத் தடிக்கு இடத்தோள்."

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். தடிக்கு வெளிப்பக்கம் நின்றால் தடி இடக்கைப் பக்கம்தானே வரும். வருடக்கணக்காகக் குடையின் கீழிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இடத்தோளை இந்த உலகில் எந்தத் துப்பாக்கியும் அச்சுறுத்தவில்லை. அத்தனை மதியச் சாப்பாட்டு நேரமும், அத்தனை கிராமும், அந்தப் பட்டாணிப் பைக்காரரும் ஒரு கணம் என் முன்னால் வந்து போனார்கள். எனக்குப் பின்னால் அடுத்த ஆளாக விம்பிள்டன் பெடியன் நின்றான். கூரைவரை வளர்ந்த பிள்ளை.

"அரோகரா" என்றார்கள். தூக்கினோம். எங்களுக்கு வெளிவீதி என்பது கோயிலின் கார் தரிப்பிடமும் அதன் பின்னால் உள்ள சந்தும்தான். குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, வேகத்தடையில் ஏறி இறங்கி வந்தோம். அப்போதுதான் அந்த அற்புதத்தை உணர்ந்தேன். பாரமே இல்லை. மற்றவர்களுக்கு வியர்த்து ஊற்றியது. எனக்குப் பூமாலை வைத்ததுபோல் இருந்தது. கனடா பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி கண்ணைத் துடைத்தாள். செருப்பு அடுக்கியவனுக்கும் மோர் வார்த்தவனுக்கும் கடவுள் கணக்குத் தீர்த்துவிட்டார் என்று நினைத்தேன். வீங்கிய கண்ணிலும் நீர் வந்தது.

சாமியை இறக்கிவைத்த பிறகு விம்பிள்டன் பெடியன் தன் சிவந்த தோளைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தான். பொறாமையாக இருக்கும் என்று நினைத்து, பெருந்தன்மையோடு சிரித்தேன்.

"அண்ணை, நாளைக்கும் நீங்களே முன்னுக்கு நில்லுங்கோ," என்றான். "நீங்கள் கட்டையெண்டபடியால் தடி உங்கடை தோளிலை முட்டவேயில்லை. எங்களுக்கும் வழி வடிவாத் தெரிஞ்சது."