அம்மாவின் பெயரில் மெழுகுத் துணி

அம்மா இறந்த பிறகு வீட்டில் எனக்கு வேலையே இல்லாமல் போனது. திண்டுக்கல் வீட்டில் அவளோடு இருந்தவள் நான் மட்டும்தான். அவள் படுக்கையில் கிடந்த காலம் முழுக்கப் புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்துவிட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நான். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "வாடை அடிக்குதுக்கா, ஜன்னலத் தெறந்து வையேன்" என்பாள்.

கை சும்மா இருக்க முடியாமல்தான் மெழுகுத் துணி செய்யத் தொடங்கினேன். போனில் யாரோ செய்து காட்டியிருந்தார்கள். தேன்மெழுகு ஏற்றிய பருத்தித் துணியில் நறுக்கிய வெங்காயத்தையோ தேங்காய் மூடியையோ பொதிந்து வைக்கலாம். கழுவிக் காயவைத்து மறுபடியும் எடுக்கலாம். வத்தலக்குண்டில் தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடம் மெழுகு வாங்கி வந்தேன். துணிக்கு அம்மாவின் நைந்த சுங்குடிச் சேலைகள் இருந்தன.

முதலில் செய்தது உருப்படவில்லை. மடித்த இடமெல்லாம் மெழுகு வெள்ளையாக வெடித்து உதிர்ந்தது. பிறகு நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியப் பிசின் வாங்கிப் பொடித்து, மெழுகோடு சேர்த்து உருக்கி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். துணியில் தடவி, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். இந்தத் தடவை உள்ளங்கைச் சூட்டுக்கே துணி வளைந்து கிண்ணத்தின் வாயைக் கவ்விக்கொண்டது.

அம்மாவின் வருஷத் திதிக்கு வந்த தங்கை அடுப்படியில் அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கும் சொல்லிக்குடுக்கா."

இரண்டு நாள் கூடத் தங்கினாள். அடுப்புப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, மெழுகு உருகும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவின் சேலைகளில் பாதியை அவளுக்கே கொடுத்தனுப்பினேன்.

சில மாதம் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஓடிய விற்பனை வீடியோவில் என் தங்கை, அம்மாவின் சேலையை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். "எங்க அம்மா அந்தக் காலத்துலயே இதச் செஞ்சவங்க. பிளாஸ்டிக்க வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்து அவங்க கையாலதான் கத்துக்கிட்டேன்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெழுகுத் துணி என்ற ஒன்றை அம்மா கண்ணால் பார்த்ததில்லை. பால் கவரைக் கூட அலசிக் கொடியில் காயப்போடுகிறவள் அவள். பூ வாங்கி வந்த கவரையெல்லாம் நீவி மடித்துத் தலையணைக்குக் கீழே சேர்த்து வைப்பாள். ஒன்றைத் தூக்கிப் போட்டதற்காக என்னோடு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"உங்கம்மாவுக்கு இம்புட்டு வேலை தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அத்தனையும் பொய்க்கா. தங்கச்சிக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கூடப் பொறந்தவ நல்லா வாரா. பொறாமப்படாதத்தா."

படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவை எட்டிப் பார்த்துப் போனவள்தான் இந்தப் பக்கத்து வீட்டு அக்காவும். யார் பக்கத்தில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கண்ணீரைத்தான் நம்பினாள்.

தங்கைக்குப் போன் போட்டேன். "என்னடி இப்பிடிச் சொல்லியிருக்க?"

"சும்மா ஒரு கதைக்குத்தானக்கா. வெறும் துணின்னா யாரு வாங்குவா? அம்மாவப் பத்தி நல்லதாத்தான சொல்லியிருக்கேன்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"உன்னயப் பத்தியும் ஒருநா சொல்றேன்க்கா" என்றாள், குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்வதுபோல. உடனே, "அம்மா சேலை இன்னும் இருக்குமே, பார்சல்ல போட்டு விடுறியா? அந்தத் துணியத்தான் எல்லாரும் கேக்குறாக" என்றாள்.

பீரோவில் நான்கு சேலைகள் இருந்தன. இல்லை என்றேன்.

"சரி, பரவால்லக்கா" என்றாள். அவள் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "பழைய சேலை இங்கயே கெடைக்கும். நான் பாத்துக்கிறேன்."