கோழிக்கூட்டுக்கு இருபது குடம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்டுக்குக் கீழே இருக்கிற கோழிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கூண்டுக்கு அடியில் பைப்பைப் பிடித்து சர்ரு சர்ரென்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்க அடிக்க வாடை கிளம்பி வந்து மூக்கில் உட்கார்ந்தது. நின்றவர்கள் எல்லாரும் கைக்குட்டையைத் தேட, எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, தண்ணி ஊத்தாதீங்க. ஊத்த ஊத்தத்தான் நாறும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெருசு, அரைக் கிலோவா ஒரு கிலோவா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். நியாயம்தான். இந்த விஷயத்தில் நான் பட்ட பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி மூன்றே மாதம். இதே ஆனையூர்தான், ஆனால் வீட்டுக்குப் பின்னால் வயல், மழை பெய்தால் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. டவுனில் ஒரு மில் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. என் மனைவி ராசாத்தி வாடிப்பட்டிப் பக்கம், விவசாயம் பார்க்கிற வீட்டுப் பெண். பீரோவும் கட்டிலும் சீராக லாரியில் வந்தன. பின்னாலேயே என் மச்சினன் பஸ்ஸில் ஒரு பெரிய பஞ்சாரத்தைத் துணி போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஏழு பெட்டை, ஒரு சேவல். கண்டக்டர் சேவலுக்கும் டிக்கெட் கேட்டதாகவும், தான் அரை டிக்கெட்டுக்குப் பேரம் பேசியதாகவும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்கட்டில் கம்பி வலை அடித்து ஓர் அடைப்பும், பழைய பலகையில் ஒரு கூடும் கட்டினேன். ஆணியடித்ததில் பாதி என் விரலில். அது போகட்டும். ஒரு மாதத்தில் வாடை கிளம்பிவிட்டது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்கட்டில் வீட்டுக்காரர் இருந்தார். தங்கமான மனிதர், ஆனால் அவருடைய மூக்கு சாதாரண மூக்கு இல்லை. நாலு வீடு தள்ளிக் கருவாடு வறுத்தால், என்ன கருவாடு என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் காலையில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "தம்பி, அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி எம் மகளப் பொண்ணு பாக்க வாராங்க. அதுக்குள்ள நாத்தம் போகணும், இல்ல கோழி போகணும். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். ராசாத்தி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதுக்கென்ன, போகட்டும். கூடவே நானும் வாடிப்பட்டிக்குப் போறேன்."

மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது! அவள் முகத்தையே நான் இன்னும் முழுசாகப் பார்த்து முடிக்கவில்லை. பேசப் போனால் நாக்கு குழறுகிற காலம். இதற்குள் எட்டுக் கோழிக்காகப் பெண்டாட்டியைப் பஸ் ஏற்றிவிடுவதா? விடுவேனா நான்!

மறுநாள் விடியும் முன்னே எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினேன். அழுக்கு இருந்தால் கழுவணும், இதுதானே நமக்குத் தெரிந்தது? வாசலைத் தெளிக்கிறோம், அடுப்படியைக் கழுவுகிறோம், கோழிக்கூடு மட்டும் என்ன பாவம் செய்தது? முதல் நாள் பத்துக் குடம் ஊற்றி, பினாயில் விட்டுத் தேய்த்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்றம் இரண்டு மடங்கு. சரி, பத்துக் குடம் பத்தவில்லை என்று மறுநாளிலிருந்து இருபது.

அந்தக் காலத்தில் ஆம்பளை இடுப்பில் குடம் வைத்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். குழாயடியில் ஓர் அக்கா, "என்ன அண்ணே, வீட்ல மதினிக்கு விசேஷமா?" என்று கேட்க, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். கோழிக்கு என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் மாங்காயோடு வந்து நிற்கிறார்கள்! ராசாத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்டேன். கோழிகள் வரிசையாகத் தும்மின. கோழி தும்மி நீங்கள் கேட்டதில்லையே? நான் கேட்டிருக்கிறேன். சாம்பிராணி போட்டேன். சேவல் மூச்சு முட்டிப் பறந்துபோய் வீட்டுக்காரரின் வேட்டிக் கொடியில் ஏறி நின்று, அங்கேயே ஒரு காரியமும் செய்துவிட்டது. கடைசியாகப் பூமார்க்கெட்டில் மிஞ்சின மல்லிகையை ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து கொட்டினேன். கோழிப்பீயும் மல்லிகைப் பூவும் ஈரத்தில் சேர்ந்தால் வருகிற வாசனையை எழுத்தில் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

இத்தனை கூத்துக்கும் ராசாத்தி அடுப்படி நிலையில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். நாற்றம் தாங்காமல் நிற்கிறாள், பாவம் என்று நான் இன்னும் இரண்டு குடம் கூட ஊற்றுவேன்.

வெள்ளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது தெருக்குழாய் நின்றுபோனது. எங்கோ குழாய் உடைந்துவிட்டதாம். குடிக்கிற தண்ணீருக்கே சைக்கிளில் வயல் பம்புசெட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கழுவ வழியில்லை. முடிந்தது கதை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் ராசாத்தி, "நீங்க ஆபீசுக்குப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

சாயங்காலம் வந்தால் ஈர மண்ணையெல்லாம் வழித்து எருக்குழியில் தள்ளியிருந்தாள். ரைஸ்மில் உமி ஒரு சாக்கு, அடுப்புச் சாம்பல் ஒரு கூடை, இரண்டையும் கலந்து தரையெல்லாம் பரப்பியிருந்தாள். கோழிகள் காலால் சீய்த்துச் சீய்த்து அதுகளாகவே கிளறிவிட்டுக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை மோந்து பார்த்தேன். காய்ந்த மண் வாசனை, அவ்வளவுதான்!

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிக்கும்போது, சேவல் பாவி கொக்கரக்கோ என்றது. வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா நேராகப் பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "கோழி வச்சிருக்கீங்க, நாத்தமே இல்லையே! எங்க வீட்ல நிக்க முடியல" என்றார். நம்ம வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "நாங்க அப்படித்தாங்க சுத்தமா வச்சிருக்கோம்" என்றாரே பார்க்கணும்! சம்பந்தம் அங்கேயே பேசி முடிந்தது.

அவர்கள் போனதும் ராசாத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு இது மொதல்லயே தெரியுமா?"

"கோழி வச்சிருக்கவுக எல்லாத்துக்கும் தெரியும். ஈரம் பட்டாத்தான் நாறும்."

"பெறகு ஏன்டி சொல்லல? இருபது குடம்! இடுப்பே ஒடிஞ்சுபோச்சு!"

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாளும் மூக்கைப் பொத்தவில்லை, சிரிப்பைப் பொத்தியிருக்கிறாள். "எங்கய்யா எங்கம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடுத்துப் பாத்ததில்ல" என்றாள். "நீங்க எனக்காக இம்புட்டுத் தூக்குறீங்க. அதான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

"அதுக்குள்ள வீட்டுக்காரர் கோழிய வெரட்டியிருந்தா?"

"அதுக்குத்தான் கடைசி அஞ்சு நாள ஒதுக்கி வச்சிருந்தேன்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மறுபடி குழாயில் தண்ணீர் வந்திருந்தால் இன்னும் இருபது குடம் தூக்கியிருப்பேன்.

அந்த வயல் இப்போது எங்கள் அபார்ட்மெண்ட். கோழிக்கூடு இருந்த இடம் கார் நிறுத்துமிடம். குழாயடியும் இல்லை, மாங்காயோடு வருகிற அக்காக்களும் இல்லை. தண்ணீர் கேனில் வருகிறது. கேன் போடுகிற தம்பி வாசலில் வைத்துவிட்டுப் பெல் அடிக்கும். நான் அதைத் தூக்கக் குனிந்தால் போதும், உள்ளேயிருந்து ராசாத்தியின் சத்தம் வந்துவிடும். "அதத் தொடாதீங்க, இடுப்பு புடிச்சுக்கும். அந்தத் தம்பியே உள்ள கொண்டாந்து வைக்கட்டும்." அன்றைக்கு இருபது குடத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கவிட்டவள்தான்.